குடியுரிமை வந்தாச்சு, இப்போது கட்சி எது என்று கேட்கிறார்கள்

கேள்வி: 2025 மார்ச் 8

போன மாதம் அமெரிக்கக் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். நியூஜெர்சி, எடிசன். வாக்காளர் பதிவுப் படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் சரி. நடுவில் எந்தக் கட்சி என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஊரில் ஆறாம் எண் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது யாரும் இப்படிக் கேட்கவில்லை. ஒரு கட்சியைக் குறித்தால் நவம்பரிலும் அதற்குத்தான் போடணுமா? பிடிக்காவிட்டால் மாற்ற முடியுமா? மாமனார், எதையும் டிக் அடிக்காதே, பேர் வெளியே வந்துவிடும் என்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

மார்ச் 8, இரவு

நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் தம்பி. அந்தக் கட்டத்துக்கும் பொதுத் தேர்தலுக்கும் சம்பந்தமே இல்லை. சந்தா கிடையாது, உறுப்பினர் அட்டை கிடையாது, வட்டச் செயலாளர் வந்து சால்வை போத்தமாட்டார். ஜூனில் பிரைமரி, அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், நடக்கும்போது எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டை உங்கள் கையில் கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் அது. மாற்றலாம். எப்போது மாற்றலாம் என்பதில்தான் வில்லங்கம். மீதி நாளைக்கு.

மார்ச் 9

நியூஜெர்சி கணக்கு இது. ஜனநாயகக் கட்சி அல்லது குடியரசுக் கட்சி என்று ஏற்கெனவே பதிவானவர் மாற வேண்டுமானால், பிரைமரிக்கு 55 நாளைக்கு முன்பே தனிப் படிவம் கொடுத்துவிட வேண்டும். டவுன் கிளார்க் அலுவலகத்திலோ கவுன்டி தேர்தல் அலுவலகத்திலோ கொடுக்கலாம். இந்த வருடம் பிரைமரி ஜூன் 10. வழக்கப்படி ஜூன் 3 வந்திருக்கும். யூதர்களின் ஷாவுவோத் பண்டிகை குறுக்கே வந்ததால் ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். ஆகவே கட்சி மாறக் கடைசி நாள் ஏப்ரல் 16. புதிதாகப் பெயர் சேர்ப்பவர்களுக்கு மே 20 வரை நேரம் உண்டு.

எந்தக் கட்சியும் குறிக்காதவருக்கு இந்தக் கெடுபிடி இல்லை. பிரைமரி அன்று வாக்குச்சாவடிக்குப் போய் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று அங்கேயே சொல்லி வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வாங்கிய நிமிடத்திலிருந்து நீங்கள் அந்தக் கட்சிக்காரர். நீங்களாகப் படிவம் கொடுத்து விலகும்வரை பட்டியலில் அப்படியேதான் இருக்கும். பலருக்கு இது தெரியாது. எப்போதோ ஒரு பிரைமரியில் ஓட்டுப் போட்டதை மறந்துவிட்டு, தான் எந்தக் கட்சியும் இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

படிவத்தில் இரண்டு பெரிய கட்சிகள் போக லிபர்ட்டேரியன், கிரீன், சோஷலிஸ்ட் என்று இன்னும் சில பெயர்களும் இருக்கும். அவர்களுக்கு இங்கே பிரைமரி நடப்பதில்லை. நேச்சுரல் லா கட்சி என்று ஒன்றைப் பார்த்து மிரள வேண்டாம். 1992இல் மகரிஷி மகேஷ் யோகியின் தியான இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் தொடங்கியது. தியானத்தில் மேலே எழும்புவதை அரசின் கொள்கையாகவே முன்வைத்தவர்கள். கட்சி தேசிய அளவில் கடை கட்டி வெகு காலம் ஆகிறது. எங்கள் மாநிலப் படிவத்தில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது.

மார்ச் 9, மாலை

மாமனார் சொன்னதை நான் அப்படியே தள்ளமாட்டேன். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம். எந்தக் கட்சியில் பதிந்திருக்கிறீர்கள், எந்தெந்தத் தேர்தலில் வந்து ஓட்டுப் போட்டீர்கள் என்பது ரகசியம் இல்லை. வாக்காளர் பட்டியலைக் கட்சிகளும் பிரச்சாரக் குழுக்களும் வாங்குகின்றன.

எங்கள் வீட்டில் நான் ஜனநாயகக் கட்சி, மனைவி குடியரசுக் கட்சி. கதவைத் தட்டும் தொண்டர் என் பெயரை மட்டும் சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்து ஒரு புன்னகை, அவ்வளவுதான். அவர் கையில் இருக்கும் பட்டியலில் அவள் இல்லை. அடுத்த வாரம் வேறொருவர் வந்து அவளைக் கேட்பார், நான் உள்ளே போய்விடுவேன். தபால் பெட்டி நிரம்பி வழியும். ஒரே வேட்பாளரை என் பெயருக்கு வந்த அட்டையில் தியாகி என்றும், அவள் பெயருக்கு வந்ததில் அயோக்கியன் என்றும் படித்திருக்கிறோம்.

வேலையிடத்தில் தெரியக்கூடாது, அக்கம்பக்கத்தில் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் வெறுமையாக விடுவதில் நியாயம் உண்டு. நியூஜெர்சியில் மூன்றில் ஒருவருக்கும் மேல் எந்தக் கட்சியும் இல்லாதவர்கள்தான்.

மார்ச் 11

'ஊரில் இல்லாத வழக்கம் இங்கே எதற்கு' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. ஊரில் வேட்பாளரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? விருப்ப மனு வாங்கி, கட்டணம் வாங்கி, நேர்காணல் நடத்தி, தலைமை அறிவிக்கும். வேட்பாளர் பட்டியல் வெளிவரும் அன்று மாலைதான் தொண்டனுக்கே தெரியும். இங்கும் ஒரு காலத்தில் அப்படித்தான். கட்சிப் பெருந்தலைகள் மாநாட்டிலும் புகை மண்டிய அறையிலும் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அந்த அதிகாரத்தைப் பிடுங்கி வாக்காளரிடம் கொடுக்க வேண்டும் என்று கிளம்பியவர்களில் முக்கியமானவர் விஸ்கான்சினின் ராபர்ட் லா ஃபாலெட். 1903இல் சட்டம் வந்து, 1904இல் மக்கள் வாக்கெடுப்பில் அது உறுதியானது. பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது.

வேட்பாளர் தேர்வை அரசே தேர்தலாக நடத்தும்போது, கட்சிக்காரன் யார், வெளியாள் யார் என்று யாராவது சொல்லியாக வேண்டுமே. அதற்குப் பல மாநிலங்கள் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கட்டம். வேடிக்கை என்னவென்றால் விஸ்கான்சினில் இன்றைக்கும் கட்சிப் பதிவே கிடையாது. 50 மாநிலங்களில் ஏறத்தாழ 30இல் உண்டு, மற்றவற்றில் இல்லை.

யார் உள்ளே, யார் வெளியே என்ற கேள்விக்கு ஒரு கேவலமான வரலாறும் இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு யாரும் ஜெயிக்க முடியாத காலம். டெக்சாஸில் அந்தக் கட்சி, நாங்கள் தனியார் சங்கம், வெள்ளையர் மட்டுமே பிரைமரியில் போடலாம் என்றது. நவம்பரில் கறுப்பின மக்கள் ஓட்டுப் போடத் தடையில்லை, ஆனால் எல்லாம் அதற்குள் முடிந்துபோயிருக்கும். 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஒழித்தது. பிரைமரியில் ஓட்டு இல்லாதவனுக்கு ஓட்டே இல்லை என்பதை அந்த மக்கள் அளவுக்கு அனுபவித்தவர்கள் யாரும் இல்லை.

மார்ச் 12

இரண்டு பேர் மேலே, எந்தக் கட்சியும் போடாமல் விட்டுவிட்டு அன்றைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதியிருக்கிறார்கள். அது நியூஜெர்சியில் நடக்கும். பென்சில்வேனியாவில் நடக்காது. பிட்ஸ்பர்க் அக்கா சொன்னதுதான் சரி: அங்கே கட்சி குறிக்காதவருக்கு வேட்பாளர் தேர்வில் இடமே இல்லை, பிரைமரிக்கு 15 நாள் முன்பு மாறிக்கொள்ள வேண்டும். ஃப்ளோரிடாவும் மூடிய பிரைமரிதான், அங்கே 29 நாள். கென்டக்கி இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். மே மாதப் பிரைமரிக்கு முந்தைய டிசம்பர் 31க்குள் மாறியிருக்க வேண்டும். புத்தாண்டு அன்று யோசித்தால் தாமதம். அவரவர் மாநில விதியைப் பாருங்கள், வாட்ஸப்பில் வந்ததைப் பார்க்க வேண்டாம்.

மார்ச் 15

என் மச்சான் டாலஸ் பக்கம், ஃபிரிஸ்கோ. அவனிடம் இந்த இழையைக் காட்டினேன், சிரிக்கிறான். டெக்சாஸில் பதியும்போது கட்சி கேட்பதே இல்லை. மார்ச் மாதப் பிரைமரியில் போய் இந்தக் கட்சிச் சீட்டு கொடு என்றால் கொடுப்பார்கள். அந்தச் சுற்றில் ஒன்றை எடுத்தால், மே மாத இரண்டாம் சுற்றில் மற்றதற்குத் தாவ முடியாது; ஆண்டு முடிந்தால் பழையபடி வெறும் ஆள்.

அவன் நவம்பரில் யாருக்குப் போடுகிறான் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், சாப்பாட்டு மேசையில் கத்துவான். ஆனால் மார்ச்சில் குடியரசுக் கட்சிச் சீட்டுத்தான் எடுப்பான். '1994க்குப் பிறகு டெக்சாஸில் மாநிலம் முழுவதுக்குமான எந்தப் பதவியிலும் ஜனநாயகக் கட்சி ஜெயிக்கவில்லை மாமா. அப்புறம் என் கவர்னரை யார் முடிவு செய்கிறார்கள்? அந்தப் பிரைமரிக்கு வருகிற ஆட்கள்தானே. நானும் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறேன்' என்கிறான்.

இதே கணக்கில்தான் நானும் ஜனநாயகக் கட்சியில் பதிந்தேன். மிடில்செக்ஸ் கவுன்டியில் பெரும்பாலும் ஜூனிலேயே எல்லாம் தீர்ந்துவிடும். கொள்கை பார்த்து, தலைவர் பார்த்து, காந்தி படத்துக்கு மாலை போட்டு எடுத்த முடிவு இல்லை. உங்கள் ஊரில் எந்தக் கதவு வழியாகப் பதவிக்குப் போகிறார்களோ அந்தக் கதவருகே நில்லுங்கள் என்பதுதான் எடிசன் தம்பிக்கு என் யோசனை.

மார்ச் 16

மனைவி படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள், ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது. 'எல்லோரும் ஜெயிக்கிற கட்சியில் போய்ப் பதிந்தால், தோற்கிற கட்சியில் யார் மிச்சம் இருப்பார்கள்? வெறி பிடித்தவர்கள் மட்டும். அப்புறம் அவர்கள் நிறுத்துகிற ஆளைப் பார்த்து, ஐயோ, மாற்றே இல்லையே என்று நீங்களே புலம்புவீர்கள்.' அவள் குடியரசுக் கட்சியில் இருப்பதற்குக் காரணமும் அதுதான். எங்கள் பக்கம் அந்தப் பிரைமரிக்கு வருகிறவர்கள் குறைவு, அதனால் ஒரு ஓட்டுக்குக் கனம் அதிகம், உருப்படியான ஒருவரை நிறுத்தினால் நவம்பரில் எனக்கு இரண்டு நல்ல தேர்வுகள் இருக்கும் என்கிறாள்.

பதில் சொல்லத் தெரியவில்லை. நேற்று எழுதிய யோசனையை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 16, கொஞ்ச நேரம் கழித்து

'எதிர்க்கட்சியில் பதிந்து மட்டமான ஆளை ஜெயிக்க வைக்கலாமே' என்று கீழே ஒருவர். செய்திருக்கிறார்கள். 2008இல் ஒபாமாவும் ஹிலரியும் மோதியபோது வானொலி ஆசாமி ரஷ் லிம்பா, குடியரசுக் கட்சிக்காரர்கள் எல்லோரும் போய் ஹிலரிக்குப் போட்டுச் சண்டையை இழுத்தடியுங்கள் என்று பிரச்சாரமே நடத்தினார். ஆபரேஷன் கேயாஸ் என்று பெயர் வேறு. சண்டை நீண்டது. ஜெயித்தது ஒபாமா, பிரைமரியிலும் நவம்பரிலும்.

சட்டப்படி குற்றமில்லை. எனக்கு மட்டும் ஒப்பவில்லை. மச்சான் செய்வது வேறு. அவன் தனக்குப் பிடிக்காத கூட்டத்தில் கொஞ்சமாவது சகிக்கக்கூடியவரைத் தேடுகிறான். இது அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரில் உப்பை அள்ளிப் போடுவது.

மார்ச் 20

கலிபோர்னியாவில் என் சித்தி பையன் இருக்கிறான், ஃப்ரீமான்ட். 'நான் எந்தக் கட்சியும் இல்லை அண்ணா, இண்டிபெண்டன்ட்' என்று வருடக்கணக்கில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். போன வருடம் அவனுடைய பதிவை இணையத்தில் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். அமெரிக்கன் இண்டிபெண்டன்ட் பார்ட்டி என்று இருந்தது. அது கட்சி. அதுவும் எப்படிப்பட்ட கட்சி? கறுப்பின மக்களையும் வெள்ளையரையும் பிரித்தே வைக்க வேண்டும் என்று கொடி பிடித்த அலபாமா முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸை 1968இல் அதிபர் தேர்தலில் நிறுத்திய கட்சி. பையனுக்கு முகம் செத்துப்போனது.

அவன் தனி ஆள் இல்லை. 2016இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் அந்தக் கட்சியில் பதிந்தவர்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தியபோது, நான்கில் மூன்று பேர் அளவுக்குத் தாங்கள் அதில் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். நியூயார்க்கிலும் இண்டிபெண்டன்ஸ் பார்ட்டி என்று ஒன்று இதே குழப்பத்தில் வெகுகாலம் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தது. 2020 தேர்தலோடு அங்கீகாரம் போனது. கலிபோர்னியாக்காரர்கள் கட்சி வேண்டாம் என்றால் 'கட்சி விருப்பம் இல்லை' என்று பொருள்படும் வரியைக் குறிக்க வேண்டும்.

அங்கே இன்னொரு வசதியும் உண்டு. 2010இல் வாக்கெடுப்பு நடத்தி முறையையே மாற்றிவிட்டார்கள். கவர்னர், செனட், காங்கிரஸ், சட்டமன்றம் எல்லாவற்றுக்கும் பிரைமரியில் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில். முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள், ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. ஆகவே அங்கே கட்சிப் பதிவு பெரிதாகக் கணக்கில் வருவது அதிபர் பிரைமரிக்கு மட்டும்தான். ஜனநாயகக் கட்சி வெளியாட்களுக்குச் சீட்டுக் கொடுக்கும், கேட்டால். குடியரசுக் கட்சி கொடுக்காது.

ஏப்ரல் 5

ஏப்ரல் 16 வருகிறது, நினைவூட்டல். கூடவே ஒரு எச்சரிக்கை. இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு உற்சாகத்தில் எதையும் பதிய வேண்டாம். ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும் இடத்திலேயே வாக்காளர் பதிவும் நடக்கிறது; திரையில் வருவதைப் படிக்காமல் ஆமாம் ஆமாம் என்று அழுத்திப் பதிவாகிவிட்டால், பின்னால் குடியுரிமை விண்ணப்பம் சிக்கலாகும், நாடு கடத்தல் வரைக்கும்கூடப் போகலாம். குடிமகன் இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

'கட்சி பற்றி அமெரிக்க அரசு கேட்குமா' என்று ஒருவர் கேட்டிருந்தார். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் கேட்கும். உலகின் எந்த மூலையிலாவது கம்யூனிஸ்ட் கட்சியிலோ சர்வாதிகாரக் கட்சியிலோ உறுப்பினராக இருந்தீர்களா, தொடர்பு உண்டா என்று. கல்லூரியில் சிவப்புக் கொடி பிடித்த நம்மூர் ஆட்கள் அந்த வரியில் வந்து நின்றுவிடுவார்கள். என் சிநேகிதர் ஒருவர் மதுரையில் மாணவர் சங்கத்தில் இருந்தவர். வக்கீலிடம் கேட்டு, உள்ளதை அப்படியே எழுதிக் கொடுத்தார், குடியுரிமை வந்தது. அவர் அனுபவம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், வக்கீலைப் பாருங்கள். இப்போது அவர் எந்தக் கட்சியிலும் பதியவில்லை. 'ஒரு கட்சிக்கே இவ்வளவு எழுத வேண்டியிருந்தது' என்கிறார்.

ஏப்ரல் 12

'அடிக்கடி மாற்றினால் மதிப்பு போகாதா' என்று கேட்டவருக்கு டிரம்ப்பின் பதிவு வரலாறு. 1987இல் குடியரசுக் கட்சி. 1999இல் நியூயார்க்கின் இண்டிபெண்டன்ஸ் கட்சி. 2001இல் ஜனநாயகக் கட்சி. 2009இல் மறுபடி குடியரசு. 2011இல் எதுவும் இல்லை. 2012இல் திரும்பவும் குடியரசு. இரண்டு முறை அதிபர். நியூயார்க் முன்னாள் மேயர் ப்ளூம்பெர்க்கும் ஜனநாயகம், குடியரசு, தனி, மறுபடி ஜனநாயகம் என்று ஒரு சுற்றுச் சுற்றினார். ரேகன் 1962 வரை ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர். நீங்களும் நானும் டவுன் கிளார்க்கிடம் ஒரு தாளை நீட்டினால் வானம் இடிந்துவிடாது.

இங்கே பதவியில் இருப்பவர் தாவினாலும் பதவி போகாது. எங்கள் மாநிலத் தென்பகுதி காங்கிரஸ் உறுப்பினர் ஜெஃப் வான் ட்ரூ ஜனநாயகக் கட்சியில் ஜெயித்து வந்து, அடுத்த வருடம் டிரம்ப் மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை எதிர்த்துவிட்டு மறுபுறம் போனார். இன்னும் உறுப்பினர்தான். ஊரில் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. இருந்து என்ன, தாவுகிறவர்கள் கூட்டத்தோடு தாவக் கற்றுக்கொண்டார்கள்.

மே 18

நியூயார்க் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள், மேயர் பிரைமரி ஜூன் 24இல் வருவதால். கட்சி மாற நினைத்தால் நேரம் போய்விட்டது. அங்கே பிப்ரவரி 14தான் கடைசி நாள். அதற்குப் பிறகு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிரைமரி முடிந்த பிறகுதான் ஏறும். கட்சி குறிக்காதவர்களுக்கும் உள்ளே வழியில்லை. இதுவரை பதியவே பதியாத ஆள் மட்டும் ஜூன் 14 வரை புதிதாகச் சேர்ந்து கட்சி குறிக்கலாம்.

முன்பு இதைவிட மோசம். 2016 ஏப்ரல் பிரைமரிக்கு முந்தைய வருடம் அக்டோபர் 9க்குள் மாறியிருக்க வேண்டும். அப்போது மாட்டியவர்கள் யார் தெரியுமா? டிரம்ப்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும். அப்பா போட்டியிடுகிறார், பிள்ளைகள் அந்தக் கட்சியில் பதியவில்லை, சொந்த மாநிலத்தில் அவருக்கு ஓட்டுப் போட முடியவில்லை. படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

இந்தக் கெடு சரியா என்று 1973இலேயே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். ரொசாரியோ எதிர் ராக்கஃபெல்லர். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நியூயார்க் தப்பித்தது: கெடு நீளம்தான், ஆனால் நேரத்துக்குள் பதிந்திருக்க யாரும் தடுக்கவில்லையே என்றார்கள். அதே ஆண்டு இல்லினாய் மாட்டிக்கொண்டது. ஒரு கட்சிப் பிரைமரியில் போட்டால் 23 மாதத்துக்கு மற்றதில் போடக் கூடாது என்ற விதி அங்கே. அது மனிதரைக் கட்டிப்போடுகிறது என்று நீதிமன்றம் ரத்து செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்கு நான்கு பேர் பக்கம்தான் சாய்வு. எட்டு மாதம், பதினோரு மாதம் முன்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்றே தெரியாதபோது எதை வைத்துக் கட்சியைத் தேர்ந்தெடுப்பது?

மறுபக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காக வருடக்கணக்கில் தெருவில் நடந்தவனுக்கும் நேற்றுச் சாயங்காலம் மனம் மாறியவனுக்கும் வேட்பாளர் தேர்வில் ஒரே எடை என்றால், முதலாமவனுக்கு வயிறு எரியாதா? ஊரில் பூத் ஏஜென்டாக உட்கார்ந்த என் மாமாவைக் கேட்டால் கெடுவை இரண்டு வருடமாக்கு என்பார்.

ஜூன் 10, இரவு

போட்டுவிட்டு வந்தேன். இந்த முறை வாக்குச்சீட்டே பார்க்க வேறு மாதிரி. நியூஜெர்சியில் இவ்வளவு காலம் ஒரு கூத்து நடந்தது. 21 கவுன்டியில் 19இல், கவுன்டிக் கட்சித் தலைமை ஆதரித்தவர்களை எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் மேலிருந்து கீழாக அச்சடிப்பார்கள். மற்றவர்கள் எங்கோ ஓரத்தில், தேடிப் பிடிக்க வேண்டும். கோட்டில் இருப்பவர்தான் ஜெயிப்பார். போன வருடம் ஆண்டி கிம் செனட்டுக்கு நின்றபோது, எதிரே கவர்னரின் மனைவி. பெரிய கவுன்டித் தலைகள் எல்லாம் அந்த அம்மா பக்கம். கிம் வழக்குப் போட்டார், மார்ச் கடைசியில் கூட்டாட்சி நீதிபதி அந்தக் கோட்டைத் தடுத்தார். தீர்ப்புக்குச் சில நாள் முன்பே அந்த அம்மா விலகிவிட்டார். இந்த வருடம் சட்டமே மாறிவிட்டது, ஒவ்வொரு பதவிக்கும் தனித் தனிப் பெட்டி.

லா ஃபாலெட் தலைமையிடமிருந்து பிடுங்கியதை எங்கள் ஆட்கள் அச்சகம் வழியாகத் திரும்ப வாங்கி வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சீட்டின் அடியில் கவுன்டி கமிட்டி என்று ஒரு வரி இருக்கும், பெரும்பாலோர் தாண்டிப் போவார்கள். உங்கள் தெரு அளவிலான கட்சிப் பிரதிநிதி. நம்மவர்கள் யாராவது நின்றால் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஆதரவே போதும்.

ஜூன் 11

ஜனநாயகக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் மிக்கி ஷெரில். ஆறு பேர் மோதியதில் மூன்றில் ஒரு பங்கு ஓட்டில் ஜெயித்துவிட்டார். குடியரசுக் கட்சியில் டிரம்ப் கைகாட்டிய சியாட்டரெல்லி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். மனைவியிடம், உன் ஓட்டுக்குக் கனம் அதிகம் என்றாயே என்று கேட்டேன். முடிவு தெரிந்த போட்டியில் கனம் ஏது, அடுத்த முறை பார் என்று காபியை வைத்துவிட்டுப் போனாள். என்னுடையதில்தான் ஒவ்வொரு ஓட்டும் கணக்கில் வந்தது, ஆனால் நான் போட்டவர் தோற்றார். யார் என்று கேட்காதீர்கள்.

ஜூன் 25

நியூயார்க் மேயர் பிரைமரியில் மம்தானி! குவீன்ஸில் இருக்கும் கல்லூரித் தோழன் நடு ராத்திரி கூப்பிட்டான், வருத்தம். அவன் கட்சி குறிக்காதவன், மே மாதம்தான் மம்தானி பேச்சைக் கேட்டான், அதற்குள் காதலர் தினக் கெடு தாண்டியாகிவிட்டது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்கிறான். அவன் இல்லாமலேயே ஜெயித்துவிட்டாரே என்றேன். அது ஆறுதல் இல்லையாம்.

ஜூலை 23

திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். திமுக இந்த மாதம் வீடு வீடாகப் போய் ஓரணியில் தமிழ்நாடு என்று உறுப்பினர் சேர்க்கிறது. கைபேசிக்கு வரும் ஓடிபியை வாங்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டிருக்கிறது. பாஜக 2014 முடிவில் மிஸ்டு கால் கொடுத்தால் உறுப்பினர் என்றது. இப்படிச் சேரும் உறுப்பினருக்குத் தன் தொகுதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டு இருக்கிறதா? எண்ணிக்கை கட்சிக்கு, பதிலுக்கு உறுப்பினருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி. இங்கே கட்சிக்கு என்னைப் பற்றிக் கவலையே இல்லை, நான் கூட்டத்துக்குப் போனதில்லை, காசு கொடுத்ததில்லை, ஆனால் அதன் வேட்பாளரை முடிவு செய்ய எனக்கு உரிமை இருக்கிறது. எது கட்சி, எது உறுப்பினர் என்று யோசித்தால் இரண்டு முறையும் விசித்திரம்தான்.

நவம்பர் 6

ஷெரில் கவர்னர். எடிசன் தம்பி தனி மடலில் எழுதியிருந்தார்: மார்ச்சில் எதையும் குறிக்காமல் பதிந்தாராம், ஜூனில் போய் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வாங்கினாராம், இப்போது பெயருக்கு எதிரே கட்சி ஏறிவிட்டது, எடுக்க வேண்டும், மாமனார் பார்ப்பதற்குள். அதே மாற்றப் படிவம்தான், கட்சி சாராதவர் என்ற கட்டத்தைக் குறித்து எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம். அடுத்த பிரைமரி 2026 ஜூன் 2. அதற்கு முன் மாறுவதானால் ஏப்ரல் 8க்குள்.

என் மகளுக்கு ஜூனில் பதினேழு முடிந்திருக்காது போலிருக்கிறது என்று நினைத்தேன், முடிந்துவிடுகிறது. நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு ஆகிறவர்கள் பதினேழு வயதிலேயே பிரைமரியில் போடலாம் என்ற புதுச் சட்டம் ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. எந்தக் கட்சி என்று கேட்டேன். 'அப்பா ஒன்று, அம்மா ஒன்று, தட்டுகிறவர்கள் மூன்றாவதாக என் பெயரையும் கேட்டால் கதவை யார் திறப்பது' என்கிறாள். அனேகமாக வெறுமையாக விடுவாள்.

நவம்பர் 7

தபால் ஓட்டுக்காரர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. நியூஜெர்சியில் கட்சி குறிக்காமல் தபால் ஓட்டுப் பட்டியலில் இருந்தால் பிரைமரிச் சீட்டு தானாக வராது. எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று அறிவிக்கும் படிவத்தை அனுப்பிய பிறகுதான் வரும். போன முறை எங்கள் தெருவிலேயே சிலர் தபால்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.